டைமிங் பெல்ட் மாத்தியாச்சு, வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. டைமிங் சரியா இருக்கா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக, பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "செகண்ட் ஹேண்ட் டீசல் கார் வாங்கினேன், டைமிங் பெல்ட் மாத்தினேன், வண்டி ஓடுது. இதுக்கு மேல என்ன செக் பண்ணணும்?" இதே கேள்வி ஆறு மாசம் முன்னாடி எனக்கும் இருந்துச்சு. இல்லை, உண்மையைச் சொன்னா, எனக்கு அந்தக் கேள்வியே வரலை. வண்டி ஸ்டார்ட் ஆனா வேலை முடிஞ்சதுன்னு நினைச்சிருந்தேன். உக்கடத்தில் ஒரு பாய் என்னை நிறுத்தி வெச்சு அந்தக் கேள்வியைக் கேட்க வெச்சார். இன்னிக்கு அந்தக் கதைதான்.

முதல்ல ஒரு சின்னப் பின்னணி. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ் 6 விதி வந்தப்போ மாருதி, ரெனோ, ஃபோக்ஸ்வாகன் எல்லாம் இந்தியாவில் டீசல் கார் விற்பதை நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி வந்த வண்டிகள் இப்போ பழைய கார் சந்தையில் சுத்திட்டு இருக்கு. அந்த மாதிரி வண்டியை நம்ம வயசு ஆட்கள் வாங்குறோம். மைலேஜ் நல்லா கிடைக்கும், இழுவை இருக்கும், விலையும் கைக்கு அடங்கும். ஆனா முன்னாடி வெச்சிருந்தவர் பெல்ட் மாத்தினாரா, எப்போ மாத்தினார்னு யாருக்கும் தெரியாது.

எல்லா டீசலுக்கும் பெல்ட் கிடையாது, அதையும் சொல்லிடறேன். ஸ்விஃப்ட், டிசையர்ல வந்த 1.3 டிடிஐஎஸ் செயின். லாரி, டிராக்டர் பக்கம் போனா பெரும்பாலும் கியர். டஸ்டர்ல வந்த 1.5 டிசிஐ, போலோவோட 1.5 டிடிஐ, ஈகோஸ்போர்ட்டோட 1.5 டிடிசிஐ, இதெல்லாம் பெல்ட். உங்க வண்டி எதுன்னு மேனுவலைப் பார்த்துத் தெரிஞ்சுக்கோங்க. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்னு நம்பாதீங்க.

என் வண்டி பெல்ட் வகை. எந்தக் கம்பெனின்னு சொல்ல வேண்டாம், தப்பு வண்டி மேல இல்லை. ஊருக்குள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் மாத்தினேன். சாயங்காலம் வண்டியை எடுத்தேன், ஓடிச்சு. மறுநாள் காலையில் செல்ஃப் அடிச்சா வழக்கத்தை விட நீளமா சுத்திச்சு. பிடிச்சதும் வெள்ளையா கொஞ்சம் புகை. மலுமிச்சம்பட்டி தாண்டறதுக்குள்ள டேஷ்போர்டில் இன்ஜின் லைட். ஸ்கேனர் போட்டுப் பார்த்தா பி 0016. அதே ஒர்க்‌ஷாப்பில் "சென்சார்தான் போயிருக்கும்"னு கேம் சென்சாரை மாத்தினாங்க, கோடை அழிச்சாங்க. ரெண்டு நாளில் திரும்ப அதே லைட்.

சனிக்கிழமை வால்பாறை போறதா பிளான். அம்மா, அப்பா, எண்பது வயசு அம்மிச்சி. ஆழியாறு தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு. வெள்ளிக்கிழமை மத்தியானம் மனசு கேக்காம ஒரு நண்பன் சொன்ன இடத்துக்குப் போனேன்.

உக்கடம் தெரியாதவங்களுக்கு: கோயம்புத்தூரில் இருந்து பாலக்காடு, பொள்ளாச்சி பக்கம் கிளம்பற பஸ், லாரி எல்லாத்துக்கும் அது வாசல். ஒரு பக்கம் பெரியகுளம், கொஞ்சம் தள்ளி வாலாங்குளம். 2024 ஆகஸ்டில் ஆத்துப்பாலம் வரைக்கும் மேம்பாலம் திறந்த பிறகு பாதி ஊர் தலைக்கு மேல போயிடுது. கீழ, தூண்களுக்குப் பக்கத்துச் சந்துகளில் லேத், வெல்டிங், டிங்கரிங், நாசில் பம்ப் வேலை எல்லாம் அப்படியே நடக்குது. அந்த மாதிரி ஒரு சந்தில், ரெண்டு வண்டி நிக்கற அளவுக்கு ஒரு ஷெட். பாய்க்கு அறுபது வயசு இருக்கும். லாரி இன்ஜினில் தொழில் கத்துக்கிட்டவர்.

நான் கோடைச் சொன்னேன். அவர் ஸ்கேனரைக் கேக்கவே இல்லை. "பெல்ட் மாத்தி எத்தனை நாள் ஆச்சு தம்பி?"ன்னார். பத்து நாள்னேன். "மாத்தினதுக்கு அப்புறம்தான் லைட் வந்துச்சா?" ஆமாங்க பாய். "அப்போ சென்சாரை ஏன் திட்டறீங்க? அது பாவம், பார்த்ததைத்தான் சொல்லுது."

அந்தக் கோடோட அர்த்தமே அதுதான். கிராங்க் எங்க இருக்குன்னு ஒரு சென்சார் சொல்லுது, கேம் எங்க இருக்குன்னு இன்னொரு சென்சார் சொல்லுது. ரெண்டு பதிலும் ஒத்துப் போகலைன்னா பி 0016. சென்சார் கெட்டுப் போனாலும் வரலாம், ஒயரிங் கோளாறிலும் வரலாம். ஆனா பெல்ட்டில் கை வெச்ச பிறகு வந்தா, முதல் சந்தேகம் பெல்ட் மேலதான் வரணும்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி, டைமிங்னா என்னன்னு பார்த்துடலாம். பிஸ்டனை மேலும் கீழும் ஆட்டறது கிராங்க். வால்வைத் திறந்து மூடறது கேம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. அதனால கேம் புல்லியில் கிராங்க் புல்லியை விட ரெண்டு மடங்கு பல். உதாரணத்துக்குக் கீழ 20 பல், மேல 40 பல்னு வெச்சுக்கோங்க. ஒரு பல் தள்ளிப் போனா கேமில் 9 டிகிரி, கிராங்க் கணக்கில் 18 டிகிரி. காதுக்குச் சின்ன எண் மாதிரித் தெரியும். ஆனா வண்டி ஐட்லிங்கில் 800 ஆர்பிஎம் ஓடினா ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 400 தடவை, ஒவ்வொரு தடவையும் 18 டிகிரி தப்பா திறந்து மூடும்.

பெட்ரோலில் ஸ்பார்க் பிளக் தீ வைக்கும். டீசலில் அந்த வேலையைச் செய்யறது அழுத்தம்தான். காத்தைப் பதினாறில் ஒரு பங்கு, பழைய இன்ஜின்னா இருபதில் ஒரு பங்குக்கு மேல நசுக்கணும். அப்போ அந்தக் காத்து 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும், அந்தச் சூட்டில்தான் டீசல் பத்திக்கும். உள்ள வர்ற வால்வு லேட்டா மூடினா என்ன ஆகும்? நசுக்க ஆரம்பிக்கும்போது கொஞ்சம் காத்து வந்த வழியே வெளிய போயிடும். அழுத்தம் குறையும், சூடு குறையும். காலையில் இன்ஜின் குளிர்ந்து இருக்கும்போது டீசல் பத்திக்கத் திணறும். பத்தாத டீசல் வெள்ளைப் புகையா வெளிய வரும். என் வண்டியோட காலை நேரத்து அழுகை இதுதான்.

இன்னொரு ஆபத்து இதை விடப் பெருசு. இவ்வளவு நசுக்கணும்னா பிஸ்டன் மேல வரும்போது ஹெட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடம் இருக்கும். வால்வு அந்த நேரத்தில் மூடியிருந்தே ஆகணும். ஒரு பல் தள்ளினா பல இன்ஜின் தப்பிச்சுக்கும். ரெண்டு மூணு பல்னா வால்வும் பிஸ்டனும் மோதும். பெல்ட் அறுந்தாலும் அதே கதிதான். ஹெட்டை இறக்கணும், வால்வு மாத்தணும், ராக்கர் உடைஞ்சிருக்கும், சில சமயம் பிஸ்டனும் போயிருக்கும். பழைய கார் வாங்கின நமக்கு அந்த பில் வண்டி விலையில் பெரிய பங்கு. வால்பாறை ரோட்டில் நடந்தா பில் இரண்டாவது கவலை. இன்ஜின் நின்னா பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் கூடவே கைவிடும்.

பெல்ட்ங்கற ஏற்பாடே ரொம்பப் பழசு இல்லை. ஆயிரக்கணக்கில் தயாரான காரில் டைமிங் பெல்ட் முதலில் வந்தது ஜெர்மனியில், கிளாஸ் 1004-ங்கற சின்ன வண்டியில், 1962 வாக்கில். 1976-ல் கோல்ஃப் டீசல் வந்தப்போ கேமையும் இன்ஜெக்‌ஷன் பம்பையும் ஒரே பெல்ட் இழுத்துச்சு. சத்தம் கம்மி, எடை கம்மி, ஆயில் வேண்டாம். பாய் மாதிரி கியரில் வளர்ந்தவங்களுக்கு இன்னும் அது மேல ஒரு இளக்காரம் உண்டு. "ரப்பரை நம்பி இரும்பை ஓட்டறாங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே ஜாக்கி வெச்சார்.

இனி அவர் செஞ்ச வேலை. நீங்களே செய்யணும்னு நான் சொல்லலை. ஆனா செய்யற இடத்தில் பக்கத்தில் நின்னு பார்க்கறப்போ எதைப் பார்க்கணும்னு தெரிஞ்சிருக்கணும்.

சாவி எடுத்தாச்சு, கியர் நியூட்ரலில், பேட்டரி நெகட்டிவ் கழட்டியாச்சு. மேல் கவர், வலது சக்கரம், ஃபேன் பெல்ட், கீழ் புல்லி, கீழ் கவர், எல்லாம் வரிசையா இறங்கிச்சு. அப்புறம் கிராங்க் போல்ட்டில் சாக்கெட் மாட்டி, நீளமான கம்பி போட்டு, இன்ஜின் ஓடற திசையில் மெதுவா சுத்தினார். ஸ்டார்ட்டரைத் தொடவே இல்லை. கேம் போல்ட்டைப் பிடிச்சும் சுத்தலை. அப்படிச் சுத்தினா பெல்ட் தப்பான பக்கம் இழுபடும்.

குளோ பிளக்கைக் கழட்டினா அழுத்தம் வெளிய போயிடும், சுத்த லேசா இருக்கும். கழட்டலையா பாய்னு கேட்டேன். "இத்தனை வருஷம் உள்ள உக்காந்திருக்கு. இப்போ முறுக்கினா பாதி உள்ளயே உடைஞ்சு நின்னுடும். கை வலிச்சாலும் பரவாயில்லை"ன்னார். ஒவ்வொரு அழுத்தத்திலும் நிறுத்தி, காத்து கசிய நேரம் விட்டு, திரும்பத் தள்ளினார். அழுத்தம்னா பஞ்சு மாதிரி எதிர்க்கும், கொஞ்ச நேரத்தில் விட்டுக் கொடுக்கும். இரும்பு இரும்பைத் தொட்டா 'டக்'னு நிக்கும், விட்டுக் கொடுக்காது. அப்படி நின்னா அதுக்கு மேல ஒரு அங்குலம் கூடத் தள்ளக் கூடாது. இந்த வித்தியாசத்தைக் கையில் உணரத்தான் ஸ்டார்ட்டர் வேண்டாம்ங்கறது. ஸ்டார்ட்டருக்கு அந்த உணர்ச்சி கிடையாது, அது வால்வை வளைச்சுட்டுத்தான் நிக்கும்.

என் இன்ஜினுக்கு ரெண்டு லாக் பின். ஒண்ணு பிளாக்கில் இருக்கற ஓட்டை வழியா கிராங்கைத் தடுக்கும். இன்னொண்ணு கேம் புல்லியில் இருக்கற ஓட்டை வழியா ஹெட்டுக்குள்ள போகும். ரெண்டும் ஒரே நேரத்தில் தடையில்லாம உள்ள போனா டைமிங் சரி. எல்லா வண்டிக்கும் இதே பின் இல்லை. இன்ஜினுக்கு இன்ஜின் ஓட்டையும் மாறும், கருவியும் மாறும்.

கிராங்க் பின் உக்காந்துச்சு. கேம் பின் போகலை. டார்ச் அடிச்சுக் காமிச்சார். புல்லி ஓட்டைக்குப் பின்னாடி ஹெட் ஓட்டை பிறை நிலா மாதிரி ஓரமா தெரிஞ்சுது. அஞ்சாறு மில்லிமீட்டர் தள்ளி. கேம் இன்னும் வந்து சேரலை, பின்தங்கி இருக்கு. ஒரு பல்.

பெல்ட் மாத்தினவங்க மார்க் பார்க்காம போட்டாங்களான்னு கேட்டேன். "மார்க் பார்த்துத்தான் போட்டிருப்பாங்க. போட்டதுக்கு அப்புறம் பார்க்கலை"ன்னார். இது எனக்கு அன்னிக்குப் புரிஞ்ச முக்கியமான விஷயம், கொஞ்சம் விரிவா சொல்றேன்.

கிராங்க் பெல்ட்டை இழுக்குது, கேம் இழுபடுது. அப்போ கிராங்குக்கும் கேமுக்கும் நடுவுல ஒரு பக்கம் எப்பவும் விறைப்பா இருக்கும், மறுபக்கம் தளர்வா இருக்கும். தளர்வான பக்கத்தில்தான் டென்ஷனர் இருக்கும். பெல்ட்டைப் போடும்போது விறைப்பான பக்கத்தில் கொஞ்சம் தொய்வு விட்டுட்டோம்னு வெச்சுக்கோங்க. எல்லா மார்க்கும் நேரா இருக்கும், பின்னும் உள்ள இருக்கும், பார்க்க அழகா இருக்கும். பின்னை எடுத்துட்டு இன்ஜினைச் சுத்தின உடனே கிராங்க் முதலில் அந்தத் தொய்வை இழுக்கும், அதுக்கு அப்புறம்தான் கேம் நகரும். தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம் போய்ச் சேரும், டென்ஷனர் அதை மறைச்சிடும். கேம் மட்டும் ஒரு பல் பின்னாடி.

அதனாலதான் ரெண்டு சுத்து. பெல்ட் போட்டு, டென்ஷன் வெச்சு, பின்னை எடுத்து, கையால கிராங்கை முழுசா ரெண்டு சுத்து சுத்தணும். ஒரு சுத்து போதாது, ஏன்னா கேம் அப்போ அரை சுத்துதான் வந்திருக்கும். ரெண்டு சுத்து முடிஞ்சதும் பின்னைத் திரும்பப் போட்டுப் பார்க்கணும். உங்க மெக்கானிக் கிட்ட நீங்க கேக்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: "சுத்தினதுக்கு அப்புறம் பின் போச்சுங்களா?"

இங்க ஒரு குழப்பம் வரும். புது பெல்ட் மேல வெள்ளைக் கோடு போட்டிருப்பாங்க, புல்லி மார்க்கோட சேர்த்து வைக்க. ரெண்டு சுத்துக்கு அப்புறம் புல்லி மார்க் நேரா வந்திருக்கும், பெல்ட் கோடு எங்கேயோ போயிருக்கும். பயப்பட வேண்டாம். பெல்ட்டில் 123 பல், கிராங்கில் 20 பல், கேமில் 40 பல்னு வெச்சா, மூணும் பழைய இடத்தில் மறுபடி சந்திக்க கிராங்க் 246 சுத்து சுத்தணும். பெல்ட் கோடு போடறப்போ உதவிக்கு மட்டும்தான். செக் பண்றது புல்லியையும் பின்னையும் வெச்சு.

பாய் டென்ஷனரைத் தளர்த்தி, பெல்ட்டை எடுத்தார். ரெண்டு பின்னையும் சரியா உக்கார வெச்சுட்டு, கிராங்கில் ஆரம்பிச்சு, விறைப்பான பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்தி இழுத்துப் பிடிச்சுக்கிட்டே கேம் மேல ஏத்தினார். மிச்சத் தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம். டென்ஷனரில் ஒரு சின்ன முள், அதுக்கு ஒரு காடி. முள் காடிக்கு நேரா வர்ற வரைக்கும் திருப்பி, டார்க் ரெஞ்சில் இறுக்கினார். இது இன்ஜின் ஆறி இருக்கும்போது செய்ய வேண்டியது. சூடான இன்ஜினில் அலுமினியம் விரிஞ்சு பெல்ட்டை ஏற்கனவே இழுத்துப் பிடிச்சிருக்கும், அப்போ வெச்ச டென்ஷன் ஆறினதும் தளர்ந்திடும். என் வண்டி அங்க போய் டீ குடிச்சு, பன் சாப்பிட்டு, மூணு மணி நேரம் ஆறின பிறகுதான் கவரையே கழட்டினார்.

கீழ் புல்லி போல்ட்டை இறுக்கும்போது என் கையில் கம்பியைக் கொடுத்தவர், "பின்னு உள்ள இருக்கா?"ன்னு கேட்டுட்டு அதை வெளிய எடுத்தார். பின் இடம் காட்டத்தான், பலம் தாங்க இல்லை. அதை நம்பி போல்ட்டை முறுக்கினா பின் வளையும், இல்லைன்னா அது தாங்கற இடத்தில் விரிசல் விழும்.

ரெண்டு சுத்து. கேம் பின், வெண்ணெய்யில் கத்தி போற மாதிரி உள்ள போச்சு. டென்ஷனர் முள் காடியில்தான் நின்னுச்சு. "இன்னொரு ரெண்டு சுத்திப் பார்த்துடலாம்"ன்னார். அதுவும் சரி.

இதெல்லாம் காமன் ரெயில் இன்ஜின் கதை. இதில் டீசல் எப்போ தெளிக்கணும்னு முடிவு பண்றது கம்ப்யூட்டர்; பம்ப் வெறும் அழுத்தம் கொடுக்குது. பழைய இண்டிகா, முதல் ஆக்டேவியா 1.9 டிடிஐ மாதிரி ரோட்டரி பம்ப் வண்டிகளில் எப்போ தெளிக்கணும்ங்கறதையே பம்ப்தான் தீர்மானிக்குது, அதையும் பெல்ட்தான் ஓட்டுது. அங்க கேம் சரியா இருந்தாலும் பம்ப் ஒரு பல் மாறலாம். டெலிவரி சீக்கிரம் ஆனா சுத்தியால் அடிக்கற மாதிரி 'கட கட'ன்னு தட்டும். லேட்டானா புகை, இழுவை இல்லாமை. அதனால் அந்த வண்டிகளுக்கு பின் செக்கோட வேலை முடியாது. பம்ப் பின்னாடி டயல் கேஜ் மாட்டி, பிளஞ்சர் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்குன்னு அளந்து, பம்ப்பைக் கொஞ்சம் இப்படி அப்படித் திருப்பி வைப்பாங்க. ஆக்டேவியாவில் இன்ஜின் சூடான பிறகு ஸ்கேனரிலேயே பார்க்கலாம். இந்த வேலை தெரிஞ்சவங்க குறைஞ்சுட்டு வர்றாங்க. உங்க கிட்ட அந்தக் காலத்து வண்டி இருந்தா, நாசில் பம்ப் வேலை பார்க்கற ஆளை இப்பவே தேடி வெச்சுக்கோங்க.

எல்லாம் மாட்டினதும் முதலில் டீசல் போகாம இன்ஜெக்டர் பிளக்கைக் கழட்டிட்டு செல்ஃப் அடிச்சார். கண்ணை மூடிக்கிட்டு கேட்டார். நாலு சிலிண்டரும் ஒரே தாளத்தில் 'உர்-உர்-உர்-உர்'னு வரணும். ஒண்ணு மட்டும் வேகமா ஓடினா அந்த சிலிண்டரில் அழுத்தம் இல்லைன்னு அர்த்தம், வால்வு வளைஞ்சிருக்கலாம். பத்து நாள் ஒரு பல் தள்ளி ஓடின வண்டியாச்சே, எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. தாளம் சரியா இருந்துச்சு. பிளக்கைத் திரும்ப மாட்டி ஸ்டார்ட் பண்ணினா அரை சுத்தில் பிடிச்சுது. ஸ்கேனரை அப்போதான் கேட்டார். கோடை அழிச்சுட்டு, "நாளைக்குக் காலையில் குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் பண்ணுங்க. அப்பவும் லைட் வரலைன்னாத்தான் சரின்னு சொல்லுவேன். இன்னிக்கு சொல்ல மாட்டேன்"ன்னார்.

சனிக்கிழமை வால்பாறை போகலை. அம்மாவுக்குக் கோபம். ஞாயித்துக்கிழமை காலை அஞ்சரைக்கு வண்டி ஒரே அடியில் பிடிச்சுது, புகை இல்லை, லைட் இல்லை. பாய்க்கு போன் பண்ணினேன். "சரி, மெதுவா போய்ட்டு வாங்க"ன்னார். அட்டகட்டி கிட்ட டீ குடிக்க நிறுத்தினப்போ சும்மா பானெட்டைத் திறந்து பார்த்தேன். டைமிங் கவர் மேல மார்க்கர் பேனாவில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி வெச்சிருந்தார். அதுக்குக் கீழ ஒரு வரி: "சுத்திப் பார்த்தாச்சு."